சாகாத கோழி



பண்ணையில் கோழிகள் கொத்துக் கொத்தாகச் செத்தால், பறவைக் காய்ச்சலோ என்று யாருக்கும் சந்தேகம் வந்துவிடும். சாகாமல் தீனி கொத்திக்கொண்டு நிற்கிற கோழியை யார் சந்தேகிப்பது?

1997-இல் ஹாங்காங்கில் நடந்ததைக் கேளுங்கள். கோழிகளிடமிருந்து எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வைரஸ் மனிதரைத் தொற்றியது. 18 பேர் நோயுற்றார்கள். 6 பேர் இறந்தார்கள். கோழிகளைக் கொன்று குவிக்கும் வைரஸ் அது. ஆனால், உயிர்க்கோழி விற்கும் சந்தைகளில் அதைச் சுமந்த கோழிகளில் பெரும்பாலானவை நோயின் அறிகுறியே காட்டவில்லை. வாங்குபவர் கைநீட்டிக் காட்டிய கோழியைக் கடைக்காரர் கூண்டிலிருந்து எடுத்து அறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அதே சந்தைகளில் எச்9என்2 என்ற இன்னொரு வைரஸும் உலவியது. இது சாது. கோழியை லேசாகப் படுத்திவிட்டுப் போய்விடும். இந்தச் சாதுதான் முரடனுக்குத் திரை போட்டதோ?

சங் ஹுய் சோ, ராபர்ட் வெப்ஸ்டர் என்ற இரு ஆய்வாளர்கள் 2001-இல் இதற்கு விடை சொன்னார்கள். கோழிகளுக்கு முதலில் எச்9என்2 கொடுத்தார்கள். 3 முதல் 70 நாள் வரை இடைவெளி விட்டு எச்5என்1 கொடுத்தார்கள். பெரும்பாலான கோழிகள் பிழைத்துக்கொண்டன. ஆனால் அவற்றின் எச்சத்தில் எச்5என்1 வெளியேறியது! நோய் மறைந்தது, தொற்று மறையவில்லை.

ரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருள்களா காப்பாற்றின? இல்லை. அவை வைரஸின் மேற்புறத்தைப் பார்த்துப் பிடிப்பவை. இரண்டுக்கும் சட்டை வேறு வேறு. காப்பாற்றியவை டி செல்கள் எனும் வெள்ளை அணுக்கள். வைரஸ் புகுந்த செல்லை, அதன் உள்புரதத் துணுக்குகளைக் கொண்டே அடையாளம் கண்டு அழிப்பவை அவை. இரண்டு வைரஸ்களுக்கும் உள்ளே நெருங்கிய ஒற்றுமை உண்டு. முன்பு எச்9என்2 தொற்றிய கோழியின் டி செல்களை வேறு கோழிக்கு ஏற்றியபோது அதுவும் பிழைத்தது.

செத்த கோழியை மட்டும் எண்ணுகிற கண்காணிப்பு இங்கே தோற்றுவிடும் என்பது என் எண்ணம். நலமாக நிற்கும் கோழியின் எச்சத்தையும் கூண்டுத் தட்டையும் சோதித்தாக வேண்டும்.

1997 டிசம்பர் இறுதியில் ஹாங்காங் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கோழிகளைக் கொன்றது. பிறகு உயிர் வாத்து விற்பனையை நிறுத்தியது. 2001 முதல், மாதத்துக்கு ஒருநாள் எல்லாக் கோழிக் கடைகளையும் காலிசெய்து கழுவ வைத்தது. 2002-இல் காடைக்கும் சந்தையில் இடமில்லாமல் போனது. எச்5என்1-இன் உள்மரபணுக்களைப் பெரிதும் ஒத்த எச்9என்2 காடையில்தான் கண்டெடுக்கப்பட்டிருந்தது.