பருத்த உடலும் முதுகில் இடும் ஊசியும்

(அம்பத்தூரில் நடைபெற்ற கூட்டத்தில் மயக்கவியல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்து மருத்துவமனைகளில் மூட்டு மாற்று அறுவைக்கும் மகப்பேற்று அறுவைக்கும் வருவோர் என்னிடம் முதலில் கேட்பது ஒன்றே: "முழு மயக்கமா, முதுகில் ஊசியா?" ஊசிதான் என்றதும் முகம் மலர்கிறது. நினைவு தப்பாது, ஆகவே ஆபத்தும் இல்லை என்பது பரவலான எண்ணம். அது பாதி உண்மை. உடல் பருத்தவர் திறத்தில் மறுபாதி என்ன என்பதையே இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன்.

யாரைப் பருத்தவர் என்கிறோம்? எடையைக் கிலோவில் கொண்டு, மீட்டரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 1.6 மீட்டர் உயரமும் 90 கிலோ எடையும் உள்ள அம்மையாருக்கு விடை ஏறத்தாழ 35. உலக அளவில் 30 முதல் உடற்பருமன் என்பர். இந்தியர்க்கு 25 முதலே அவ்வாறு கொள்ள வேண்டும் என்று நம் நாட்டு வல்லுநர் 2009இல் வரையறுத்தனர். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்கு உட்பட்ட பெண்களில் 40.4 விழுக்காட்டினர் இந்த 25ஐ எட்டியோ கடந்தோ இருக்கின்றனர். முந்தைய ஆய்வில் இது 30.9 ஆக இருந்தது. ஆகவே இது யாரோ சிலரின் குறை அன்று. நாணத்தால் எடையைக் குறைத்துச் சொல்வோர் பலர். அவர்களை நான் எடைக்கருவியில் ஏற்றியே பார்ப்பேன். மருந்தின் அளவும் அறுவை மேசையின் தாங்குதிறனும் அவ்வெண்ணைச் சார்ந்தவை அல்லவா?

இனி ஊசிக்கு வருவோம். ஜெர்மனியின் கீல் நகரில் ஆகஸ்ட் பியர் என்னும் அறுவை மருத்துவர் 1898இல் தொடங்கிவைத்த முறை இது. தண்டுவடம் முடியும் இடத்திற்குக் கீழே, இரண்டு முள்ளெலும்புகளின் இடைவெளியில் மெல்லிய ஊசியைச் செலுத்தி, உள்ளிருக்கும் நீரில் மருந்தைக் கலக்கிறோம். இடுப்புக்குக் கீழே மரத்துப்போகிறது. அந்த இடைவெளியைக் கண்டுகொள்ள எங்கள் வழிகாட்டி எங்கள் விரல்களே. இடுப்பெலும்பின் மேல்விளிம்பைத் தொட்டு, அங்கிருந்து குறுக்கே கோடு ஒன்றை மனத்தால் வரைந்து, முள்ளெலும்பின் முனையை அழுத்தி உணர்கிறோம். கொழுப்பு தடித்த முதுகில் எலும்பே தட்டுப்படாது. நடுக்கோடு எது என்பதே ஐயமாகிவிடும். இடுப்பெலும்பு என்று நாம் தொடுவது மேலே திரண்ட சதையாக இருந்தால், ஊசி குறித்த இடத்திற்கு மேலே, தண்டுவடத்தின் அருகே போய்விடக்கூடும். வழக்கமான ஊசியின் நீளம் 9 செ.மீ. மிகப் பருத்த சிலர்க்கு அது எட்டுவதில்லை. நீண்ட ஊசி வேண்டும். நீளம் கூடினால் வளையும். வளைந்தால் வழி தவறும். அதனால்தான் படுக்கவைக்காமல் உட்காரவைத்து, தோளைத் தளர்த்தி, முதுகை வில்லாக வளைக்கச் சொல்கிறோம். இப்போது அல்ட்ராசவுண்டு கருவியால் எலும்பின் நடுக்கோட்டையும் ஆழத்தையும் முன்னரே பார்த்துக் குறித்துக்கொள்கிறோம். இரண்டு மூன்று முறை குத்த நேர்ந்தால் மருத்துவர்க்குத் திறமை இல்லை என்று வெளியே காத்திருக்கும் உறவினர் முணுமுணுப்பர். அதை நாங்கள் பொறுத்துக்கொள்வோம்.

ஊசி சரியாக அமைந்த பிறகும் வேலை முடிவதில்லை. வயிற்றின் அழுத்தத்தால் தண்டுவடத்தைச் சூழ்ந்த நீரின் அளவு பருத்தவர்க்குக் குறைகிறது. எனவே அதே அளவு மருந்து எதிர்பார்த்ததைவிட மேலேறி மார்புத் தசைகளைத் தளர்த்தலாம். மல்லாந்து படுத்தாலே மூச்சு முட்டுபவர்க்கு இது பெருந்துன்பம். மருந்தின் வேலை நடுவிலே தீர்ந்துபோனால் முழு மயக்கத்திற்கு மாற வேண்டிவரும். பருத்த கழுத்துள்ளவரின் மூச்சுக்குழாயில், அறுவை நடந்துகொண்டிருக்கும்போது அவசரமாகக் குழாய் செலுத்துவதே எங்கள் தொழிலில் நான் மிக அஞ்சுவது. ஆகவே முதுகில் ஊசி என்று முடிவு செய்த நாளிலும் முழு மயக்கத்திற்கான ஏற்பாடு அனைத்தையும் அருகில் வைத்துக்கொண்டே தொடங்குகிறேன். பருத்த கருவுற்ற தாய்மார்க்கு, வலி தொடங்கியதும் முன்கூட்டியே எபிடூரல் குழாயை வைத்துவிடுவது நல்லது என்பதற்கும் காரணம் இதுவே. நள்ளிரவில் அறுவை என்றால் அந்தக் குழாய் வழியே மருந்தைக் கூட்டலாம்.

இத்தனை இடர்கள் இருந்தும் ஊசியை ஏன் விரும்புகிறோம்? குறட்டைதான் காரணம். உரக்கக் குறட்டை விட்டு, இடையில் மூச்சு நின்று, திணறி விழிப்பவர்க்கு, முழு மயக்கத்திற்குப் பின்னும் மார்பின் போன்ற வலிநீக்கிகளுக்குப் பின்னும் மூச்சடைப்பு நேரலாம். மூட்டு அறுவைக்குப் பின் தொடை நரம்பருகே மருந்திட்டு வலியை அடக்கினால் அம்மருந்துகளின் தேவை குறைகிறது. ஆனால் குறட்டையை நோயாளி அறியார். அருகில் உறங்குபவரே அறிவார். கணவரோ மனைவியோ மகளோ உடன் வந்து சொல்ல வேண்டும். உறங்கும்போது காற்றழுத்தக் கருவி பயன்படுத்துவோர் அதையும் எடுத்துவர வேண்டும்.

நம் சமூகத்தார்க்கென்று ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அறுவைக்கு முன் திட உணவு ஆறு மணி நேரம் கூடாது; தெளிந்த நீரை இரண்டு மணி நேரத்திற்கு முன்வரை அருந்தலாம். மாலை ஆறு மணிக்குமேல் நீரும் பருகாத நோன்பினர், மறுநாள் பதினொரு மணிக்கு மேசைக்கு வந்தால் பதினேழு மணி நேரம் வறண்டிருப்பர். ஊசி இரத்தக் குழாய்களை விரியச் செய்வதால் அழுத்தம் சட்டெனச் சரியும். பருத்த உடலில் அதை மீட்டெடுப்பது இன்னும் கடினம். நோன்பை விடுமாறு நான் கேட்கவில்லை. முதல்நாளே சொல்லிவிட்டால் அறுவையைக் காலை முதலாவதாக வைக்கலாம். நரம்பு வழியே முன்னதாக நீர் ஏற்றலாம். தொடர் உபவாசம் முடித்து ஓரிரு நாளே ஆனவர், அவசரமில்லாத அறுவையைத் தள்ளிவைப்பதே முறை.

இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவரும் அதன் பெயரையும் கடைசியாக உட்கொண்ட நேரத்தையும் சொல்ல வேண்டும். மறைத்தால் ஊசியிட்ட இடத்தில் உள்ளே குருதி தேங்கிக் கால்கள் செயலிழக்கும் அபாயம் உண்டு. அரிதுதான், ஆனால் நேர்ந்தால் மீள்வது கடினம்.

கூட்டம் தொடங்குமுன் ஓர் அம்மையார் கேட்டார்: "இருபது ஆண்டுக்கு முன் போட்ட ஊசியால்தான் இன்றும் இடுப்பு வலிக்கிறதா, டாக்டர்?" குத்திய இடத்தில் சில நாள் வலி இருப்பதுண்டு. ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் வலிக்கு ஊசி காரணம் என்று ஆய்வுகள் காட்டவில்லை. கருவுற்ற காலத்தில் தளர்ந்த தசையும், பின்னர் ஏறிய எடையும், இடுப்பில் குழந்தையைச் சுமந்த ஆண்டுகளும் அவ்வலிக்குள் இருக்கின்றன. அவரை வரும் வாரம் எலும்பு மருத்துவரிடம் காட்டச் சொல்லியிருக்கிறேன்.