அம்மாவின் நோட்டில் ஒரு பாடம்

(ஜோலார்பேட்டையில் ஆசிரியர்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



பெற்றோர் மறைந்தபின் அவர்கள் வாழ்ந்த வீட்டைச் சென்ற கோடையில் காலி செய்தோம். பழைய பேப்பர்க் கட்டில் அம்மாவின் நாற்பது பக்க நோட்டு ஒன்று கிடைத்தது. பானகம், நன்னாரி சர்பத், சுக்குமல்லி, கேழ்வரகுக் கூழ், எதிர்வீட்டு அக்கா நோன்பு திறக்கக் கலக்கும் சப்ஜா விதைப் பானம் என எல்லாவற்றுக்கும் பக்குவம் எழுதியிருந்தார்.

அதை எட்டாம் வகுப்புக்கு எடுத்துச் சென்றேன். "பானகம்: வெல்லம் 10 பலம், தண்ணீர் 4 படி" என்று படித்ததும், "பலம் என்றால் என்ன சார்?" என்று கேட்டார்கள். ஒரு பலம் சுமார் 35 கிராம். எட்டு ஆழாக்கு ஒரு படி. அது ஏறக்குறைய 1.34 லிட்டர். கணக்கை மாணவர்களே போட்டார்கள். 350 கிராம் வெல்லத்துக்கு 5.4 லிட்டர் தண்ணீர். அப்படியென்றால் 200 மி.லி. டம்ளரில் 13 கிராம் வெல்லம். கடையில் விற்கும் கோலா பானங்கள் பலவற்றில் அதே அளவுக்கு 20 கிராம் போல் சர்க்கரை இருக்கிறது. பாட்டில் லேபிளைப் பார்த்து அதையும் அவர்களே கணக்கிட்டார்கள்.

வீட்டுப் பானம் என்பதாலேயே அது மருந்தாகிவிடாது. வெல்லமும் சர்க்கரைதான். இதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது அறிவியல் பாடம். கூழின் கதை வேறு. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. மாவைக் கரைத்து இரவு முழுதும் வைத்தால் புளிக்கிறதே, அது நுண்ணுயிர்களின் வேலை. நீர்மோருக்கு அம்மா ஒரு குறிப்பு எழுதியிருந்தார்: "தோல் தொழிற்சாலையில் வேலை முடிந்து வருபவர்களுக்கு உப்பு ஒரு சிட்டிகை கூட." வியர்வையில் உப்பும் வெளியேறும் என்பதை அவர் அனுபவத்தில் கண்டிருக்கிறார்.

நோட்டில் இருந்த எல்லாப் பொருளையும் இன்றும் வாங்கிவிடலாம், ஒன்றைத் தவிர. நன்னாரிப் பக்கத்தில் "பாலாற்று ஊற்றுத் தண்ணீர்" என்று இருந்தது. தோல் கழிவால் பாலாறும் கிணறுகளும் கெட்ட வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. 2019 ஜூலையில் நம் ஜோலார்பேட்டையிலிருந்துதான் 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் காவிரி நீர் முதல் ரயிலில் சென்னைக்குப் போனது. அந்த ரயிலைப் பார்த்த பிள்ளைகள் நம் வகுப்பில் இருக்கிறார்கள். தண்ணீரைப் பற்றி அவர்களிடம் பேச இதைவிட நல்ல வாசல் எது?

ஆகவே ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு மாணவரும் வீட்டுப் பெரியவரிடம் ஒரு பானத்தின் பக்குவத்தைக் கேட்டு எழுதி வரட்டும். பொருள், அளவு, தண்ணீர் எங்கிருந்து வந்தது என மூன்று கட்டங்கள் போதும். அளவு தெரியாத பாட்டி "ஒரு கை" என்பார். அந்தக் கையளவைத் தராசில் நிறுத்துப் பார்க்கட்டும். சொல்லித் தருபவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும். என் அம்மா எழுதி வைத்திருந்தார். பல வீடுகளில் நோட்டே கிடையாது, பாட்டி மட்டும்தான் இருக்கிறார்.