வெள்ளம் வடிந்த பின் நமது கடமை



2021 டிசம்பரில் சிலாங்கூரைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகளின் கீழ்த்தளங்கள் மூழ்கின. இனம், மதம் பாராது தொண்டர்கள் திரண்டனர், சோறு சுமந்தனர், சேறு வாரினர். அவ்வழியே நமது வழி.

ஆனால், சேற்றில் கிடப்பதெல்லாம் குப்பையன்று. பிறப்புப் பத்திரமும் அடையாளக் கார்டும் அதனுள் இருக்கலாம். பத்திரமின்றிப் பள்ளிக்கும் வேலைக்கும் அலைந்தோர் படும் பாடு நாம் அறியாததா? ஆகவே, வீட்டுக்காரரைக் கேளாமல் எதையும் வீசோம். நனைந்த தாள்களைப் பிய்த்தெடுக்காமல் நிழலில் உலர்த்துவோம். அழிந்தவற்றுக்குத் தேசியப் பதிவிலாகாவில் மறுபத்திரம் கோர, கிராணித் தோழர்கள் பாரம் எழுதித் தரவேண்டும். எலிக்காய்ச்சல் பரப்பும் சேறு அது, பூட்சின்றி இறங்கலாகாது.

வீட்டைக் கழுவுவோம்; அயலார் உரிமையையும் காப்போம்!