பழைய மாருதி வேனுக்குத் தோல் உறை தைப்பது

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது. படிப்பதற்கு ஏற்றபடி சிறிது திருத்தியிருக்கிறேன்.)



குடிதண்ணீர், தெருவிளக்கு, குப்பை வண்டி என்று பேசுகிற இடத்தில் ஸ்டியரிங் கவர் பற்றிப் பேச வேண்டுமா என்று செயலாளரிடம் கேட்டேன். "நம்ம தெருவுல பழைய வேன் எத்தனை நிக்குன்னு எண்ணிப் பாருங்க" என்றார். எண்ணினேன். ஒன்பது. அதில் ஏழு மாருதி வேன். ராத்திரி யாருக்காவது நெஞ்சு வலி என்றால் தேவர்குளம், மானூர் வழியாகத் திருநெல்வேலிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறவை இந்த வேன்கள்தான். அதனால் பேசுவது நியாயம் என்றுதான் எனக்கும் பட்டது.

ஆம்னி என்று சொன்னால் நம் ஊரில் சென்னை போகிற பஸ்ஸைத்தான் நினைப்பார்கள். ஆகவே மாருதி வேன் என்றே சொல்கிறேன். 1984-ல் வந்த வண்டி. 796 சி.சி., மூன்று சிலிண்டர், முன் சீட்டுக்கு அடியில் எஞ்சின். 2019-ல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். அதனால் இனி நம்மிடம் இருக்கிற ஒவ்வொன்றும் பழைய வேன்தான். 15 ஆண்டு முடிந்தால் எப்.சி. காட்டி, ஐந்தைந்து ஆண்டாக ஆர்.சி.யைப் புதுப்பித்து ஓட்டுகிறோம். அந்த வேனில் பவர் ஸ்டியரிங் கிடையாது. இன்று நான் சொல்லப் போவதெல்லாம் இந்த ஒன்றிலிருந்து வருவதுதான்.

பவர் ஸ்டியரிங் உள்ள காரில் ஸ்டியரிங்கை இரண்டு விரலால் சுற்றலாம். அங்கே உறை என்பது பெரும்பாலும் அழகுக்கு. நம் வேனில் சக்கரத்தைத் திருப்புகிற பலம் முழுவதும் உங்கள் கையிலிருந்துதான் போக வேண்டும். அதுவும் வண்டி மெதுவாகப் போகும்போதுதான் ஸ்டியரிங் அதிகக் கனமாக இருக்கும். ஆடித் தபசு சமயத்தில் ரத வீதிப் பக்கம் ஜனக் கூட்டத்துக்குள் வேனைத் திருப்பியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அப்போது கைக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவில் இருக்கிற பொருள் நழுவினால் என்ன ஆகும்?

ஒரு கணக்குப் போடுவோம். ஸ்டியரிங்கின் விட்டம் 37 சென்டிமீட்டர் என்று வையுங்கள். சுற்றளவு ஏறத்தாழ 116 சென்டிமீட்டர். மேலே மாட்டுகிற ரப்பர் வளைய உறை ஓர் அங்குலம், அதாவது இரண்டரை சென்டிமீட்டர் நழுவினால், கிட்டத்தட்ட 8 டிகிரி. உங்கள் கை திரும்பிவிட்டது, ஸ்டியரிங் திரும்பவில்லை. உடனே கை கூடுதலாக இழுக்கும். அந்த நேரம் பார்த்து உறை பிடித்துக்கொள்ளும். வண்டி நீங்கள் நினைத்ததைவிட அதிகமாக வளையும். வளைவில் எதிரே ஒரு லாரி வந்தால் அந்த 8 டிகிரி சின்ன விஷயமில்லை.

லாரி டிரைவர்கள் இதை நமக்கு முன்பே தெரிந்தவர்கள். ஸ்டியரிங்கில் கலர் கலராகப் பிளாஸ்டிக் வயரை இறுக்கிச் சுற்றி வைத்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். பார்ப்பதற்கு அலங்காரம் மாதிரி இருக்கும். பிடித்துப் பார்த்தால் இம்மியும் நகராது. தைத்துப் போடுகிற தோல் உறையும் அதே வேலையைத்தான் செய்கிறது, இன்னும் மெத்தென்று.

பஞ்சு வைத்த தடித்த உறை எனக்குப் பிடிக்காது. காரணம் இருக்கிறது. கை பிடிக்கிற வளையத்தின் சுற்றளவு 8.5 சென்டிமீட்டர் என்று வையுங்கள். 1.2 மில்லிமீட்டர் தோலைச் சுற்றினால் முக்கால் சென்டிமீட்டர் கூடும். பழைய மெல்லிய பிளாஸ்டிக் வளையத்தைப் பிடித்து விரல் மரத்துப் போகிறவர்களுக்கு அந்த அளவு சுகமாக இருக்கும். 5 மில்லிமீட்டர் பஞ்சு வைத்தால் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் கூடிவிடும். சிறிய கைக்காரர்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, பிடி முழுதாக மூடாது.

இனி எந்தத் தோல் என்பது. சில நூறு ரூபாய்க்குத் தோல் உறை என்று விற்கிறதில் பலவும் தோல் இல்லை, துணிமேல் பூசிய ரெக்சின் வகை. திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். நெய்த துணி தெரிந்தால் அது தோல் இல்லை. நிஜத் தோலின் பின்பக்கம் நார் நாராக, வெல்வெட் மாதிரி இருக்கும். நம் ஊர் வெயிலில் பூச்சு உரிந்து உள்ளங்கையில் கருப்புக் கருப்பாக ஒட்டுவது முதல் வகைதான்.

நல்ல தோலுக்கு நாம் வெளிமாநிலம் போக வேண்டியதில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, திண்டுக்கல் எல்லாம் தோலுக்குப் பெயர் போன ஊர்கள். சென்னை அடையாற்றில் 1948-லிருந்து மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. முன்காலத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுத்தான் தோலைப் பதப்படுத்தினார்கள். இன்று அதிகம் புழங்குவது குரோமியம் உப்பில் பதப்படுத்தியது. ஸ்டியரிங்குக்கு எனக்குப் பிடித்தது குரோமியத் தோல்தான். மெதுவாக வளையும், வேர்வையும் சூடும் தாங்கும். பட்டையில் பதப்படுத்திய தோல் விறைப்பாக இருக்கும், கைபட்டுக் கறுக்கும். துருப்பிடித்த ஊசி பட்டால்கூடக் கருப்புக் கறை விழும்.

குரோமியத் தோலைப் புகழ்ந்துவிட்டு அதன் கணக்கில் இருக்கிற மறுபக்கத்தைச் சொல்லாமல் விடுவது சரியல்ல. பாலாற்றுப் படுகையில் தோல் கழிவு நிலத்தையும் கிணற்றையும் கெடுத்ததற்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் வரை போனது. கெடுத்தவனே ஈடுகட்ட வேண்டும் என்று 1996-ல் தீர்ப்பு வந்தது. அதுவும் நம்மைப் போல ஒரு நல மன்றம்தான் என்பதை இந்த இடத்தில் சொல்லத் தோன்றுகிறது. அதனால் தோலை வாங்கினால் பத்து வருஷம் உழைக்கிற மாதிரி வாங்குங்கள், வருஷத்துக்கு ஒன்று மாற்றாதீர்கள்.

நூலைப் பற்றி விசைத்தறி ஓடுகிற ஊரில் நான் பேசினால் சிரிப்பீர்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். பருத்தி நூல் வேண்டாம், வேர்வையில் இற்றுப் போகும். மெழுகு ஏற்றிய பாலியஸ்டர் நூல் வாங்குங்கள். செருப்புத் தைக்கிறவரிடமும் சீட் கவர் கடையிலும் கிடைக்கும். ஸ்டியரிங்கின் உள்சுற்றளவைப் போல நான்கு மடங்கு நீளம், அதற்கு மேல் ஒரு முழம். நடுவில் நூல் தீர்ந்தால் முடிச்சுப் போட வேண்டி வரும், முடிச்சு கையில் உறுத்தும்.

தைப்பதற்கு முன் வண்டியைப் பாருங்கள். ஸ்டியரிங் கனமாக இருப்பதற்கு முன் டயரில் காற்றுக் குறைவுகூடக் காரணமாக இருக்கலாம். ஸ்டியரிங்கை லேசாக ஆட்டினால் சக்கரம் அசையாமல் ஸ்டியரிங் மட்டும் ஆடுகிறதா? டை ராட் எண்டைப் பார்க்கச் சொல்லி முதலில் மெக்கானிக்கிடம் போங்கள். பிளாஸ்டிக் வளையத்தில் வெடிப்பு இருந்தால் ஸ்டியரிங்கையே மாற்றுங்கள். வெடிப்பைத் தோலால் மூடுவது, வாராக் கடனைப் புதுக் கடன் கொடுத்து மறைக்கிற மாதிரி. எங்கள் தொழிலில் அதற்கெல்லாம் வேறு பெயர் உண்டு.

அளவு எடுப்பதில் அவசரம் கூடாது. விட்டம், வளையத்தின் பிடிச் சுற்றளவு, ஸ்போக் எத்தனை, ஒரு ஸ்போக்குக்கும் அடுத்ததுக்கும் நடுவில் எவ்வளவு, எல்லாவற்றையும் எழுதுங்கள். தோல் இழுபடும் பொருள். 116 சென்டிமீட்டர் சுற்றளவுக்கு 114 அல்லது 115-ல் வளையமாகத் தைத்திருக்க வேண்டும். பிடிச் சுற்றளவு 8.5 என்றால் தோலின் அகலம் 8 போதும். விளிம்புகள் தானாகத் தொட்டுக்கொண்டால் அந்த உறை உங்களுக்குப் பெரிது. திருப்பி அனுப்பிவிடுங்கள்.

ஸ்டியரிங்கைக் கழற்றி மடியில் வைத்துத் தைத்தால் சுலபம் என்று சிலர் சொல்வார்கள். நான் சம்மதிக்க மாட்டேன். நடுவில் இருக்கிற நட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று ஒரு முறை இருக்கிறது, அது ஒர்க்‌ஷாப் வேலை. டிரைவர் சீட்டில் உட்கார்ந்தே தையுங்கள். முதுகு வலிக்கும், இரண்டு தடவை எழுந்து காபி குடிக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

பாத்திரம் தேய்க்கிற சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்து வளையத்தைத் துடையுங்கள். பல வருஷத்துக் கை எண்ணெய் வரும். பிறகு ஸ்பிரிட் தொட்டு ஒரு தடவை. நன்றாகக் காய வேண்டும். உறையை அரை மணி நேரம் வெயிலில் போடுங்கள், இளகும். ஹேர் டிரையர் எதுவும் வேண்டாம், சங்கரன்கோவில் வெயில் இலவசம். முன் சக்கரங்களை நேராக வைத்து, ஸ்டியரிங்கின் உச்சியில் சாக்பீஸால் ஒரு கோடு. வளையத்தின் ஒட்டுத் தையல் கீழே வரும்படி, மேலிருந்து மாட்டி இரண்டு கையாலும் கீழே இழுத்து விடுங்கள். சுருக்கம் எல்லாவற்றையும் இப்போதே நீவிவிட வேண்டும். தைத்த பிறகு நீவ முடியாது.

அடுத்து ஓட்டைகளை எண்ணுங்கள். ஒரு ஸ்போக்குக்கும் அடுத்ததுக்கும் நடுவில் இந்த விளிம்பில் எத்தனை ஓட்டையோ அந்த விளிம்பிலும் அத்தனை இருக்க வேண்டும். பற்றும் வரவும் நேராகாமல் தைக்க ஆரம்பித்தால் கடைசியில் தோல் முறுக்கிக்கொண்டு நிற்கும். பேங்கில் அந்தந்த நாள் வவுச்சர்களைக் குத்தூசியால் துளைத்து நூல் கோத்துக் கட்டுவோம். ஓட்டை நேராக இல்லாத கட்டு எப்போதும் சரிந்துதான் கிடக்கும்.

ஒரே நூல், இரண்டு முனையிலும் ஒவ்வோர் ஊசி. ஒரு ஸ்போக்கின் ஓரத்தில் தொடங்குங்கள். ஊசி எப்போதும் தோலுக்கு அடியிலிருந்து மேலே வர வேண்டும். இடது ஊசியை எதிர் விளிம்பின் அடுத்த ஓட்டைக்கு, வலது ஊசியை இந்தப் பக்கத்துக்கு, மாற்றி மாற்றி. பெருக்கல் குறி வரிசையாக விழும். இரண்டு நூலையும் ஒரே பலத்தில் இழுங்கள். பத்துத் தையலுக்கு ஒரு முறை நிறுத்தி, பின்னால் போய் ஒவ்வொன்றாக ஊசி முனையால் தூக்கி இறுக்கிக்கொண்டு வாருங்கள். விரலில் துணி சுற்றிக்கொள்ளுங்கள், நூல் அறுத்துவிடும். விளிம்புகளுக்கு நடுவே 2 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் பரவாயில்லை. ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது. ஸ்போக் வரும் இடத்தில் நூல் அதன் பின்பக்கமாகப் போகட்டும், முன்னால் ஹாரன் மேல் எதுவும் படக் கூடாது. முடிச்சை உள்ளே தள்ளி, மிச்ச நுனியை ஊதுபத்தியால் தொட்டால் உருகி நின்றுவிடும்.

எனக்கு மூன்றரை மணி நேரம் ஆயிற்று. அதில் முக்கால் மணி கண்ணாடியைத் தேடியது.

முடித்ததும் இரண்டு கையாலும் உறையைப் பிடித்து ஈரத்துணி பிழிகிற மாதிரி முறுக்கிப் பாருங்கள். நகரக் கூடாது. நகர்ந்தால் பிரித்துத் தையுங்கள். அதற்கும் மனமில்லை என்றால் கழற்றி எறிந்துவிட்டு வெறும் ஸ்டியரிங்கில் ஓட்டுங்கள். தளர்ந்த தோல் உறையைவிட வெறும் பிளாஸ்டிக் நல்லது. பிறகு ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை சுற்றி, எங்கும் உரசவில்லை, ஹாரன் அடிக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் ஓட்டிய பிறகு மறுபடி முறுக்கிப் பார்ப்பது அவசியம், தோல் கொஞ்சம் இழுபட்டிருக்கும். மகன், மருமகன் வைத்திருக்கிற புதுக் காருக்கு இதை முயற்சி செய்யாதீர்கள். ஏர்பேக்கும் பட்டன்களும் உள்ள ஸ்டியரிங் அது, அதை அப்படியே விடுங்கள்.

பராமரிப்பு அதிகமில்லை. ஈரத்துணியால் துடைத்தால் போதும். பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள், வேண்டாம், வழுக்கும். டாஷ்போர்டு பாலிஷும் அப்படித்தான். வெயிலில் நிறுத்தினால் மேலே ஒரு துண்டு போடுங்கள்.

இதை எல்லாம் கேட்டுவிட்டு எங்கள் தெரு அண்ணாச்சி ஒருவர் தன் வேனைக் கொண்டுவந்தார். எழுபது தாண்டியவர், பூ மார்க்கெட்டுக்கு விடியற்காலையில் வேனில் போகிறவர். சர்க்கரை வியாதியில் விரல் நுனி மதமதப்பு. "பிடி கெடைக்க மாட்டேங்கு, நீங்க தச்சுக் குடுங்க" என்றார். தைத்துக் கொடுத்தேன். ஓட்டிப் பார்த்துவிட்டுச் சந்தோஷப்பட்டார். அவர் மதினி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இனிமே பயமில்லைன்னு சொல்லிட்டீயளா?" என்று கேட்டார்கள். அப்படி நான் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. பிடி நழுவாமல் தோல் பார்த்துக்கொள்ளும். பிடித்திருக்கிறோமா இல்லையா என்பது விரலுக்குத் தெரிய வேண்டுமே. அதைத் தோல் தராது.

அண்ணாச்சியிடம் நேரிலேயே பேசினேன். 55 வயதுக்கு மேல் லைசென்ஸை ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கிறோம், டாக்டரிடம் படிவம் 1ஏ வாங்குகிறோம். அந்தக் கையெழுத்தை வெறும் சடங்காக நினைக்காமல், கைவிரலைக் காட்டி ஒழுங்காகச் சோதிக்கச் சொல்லுங்கள் என்றேன். கோபித்துக்கொண்டு பத்து நாள் பேசவில்லை. பிறகு போய்ச் சோதித்துக்கொண்டு வந்தார். இப்போது மார்க்கெட்டுக்கு வேனை ஓட்டுவது பேரன், அண்ணாச்சி பக்கத்து சீட். கூட்டத்தில் சொல்லலாம் என்று அவரே அனுமதி தந்தார். பேரன் ஓட்டுகிற லட்சணத்தைப் பற்றி அவருக்குத் தனிக் கருத்து இருக்கிறது, அதைச் சொல்ல அனுமதி தரவில்லை.

ஊசி இரண்டு ஜோடி, குத்தூசி, மிச்ச நூல் எல்லாம் என் வீட்டில் இருக்கின்றன. ஞாயிறு சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் வரலாம். வரும்போது நான் சொன்ன நான்கு அளவையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். உறையை வாங்கிவிட்டு அளவெடுக்க வராதீர்கள், அளவெடுத்துவிட்டு வாங்குங்கள்.