டவுன்லோடுக்குச் சுங்க வரி உண்டா?

ஒரு சின்னக் கேள்வி. வெளிநாட்டுப் படம் ஒன்று டிவிடியாக நம்ம துறைமுகத்துக்கு வந்தால் சுங்க வரி போடலாம். அதே படம் இணையம் வழியாக உங்க போனுக்கு வந்தால் சுங்க வரி கிடையாது. ஏன்?

1998-இல் ஜெனீவாவில் கூடிய உலக வர்த்தக அமைப்பின் அமைச்சர்கள் மாநாடு, 'மின்னணுப் பரிமாற்றங்களுக்குச் சுங்க வரி போடாத வழக்கத்தை இப்போதைக்குத் தொடர்வோம்' என்று முடிவெடுத்தது. பிறகு வந்த மாநாடுகளில் அதைத் திரும்பத் திரும்ப நீட்டித்தார்கள். நம்ம ஆபீஸ்ல 'டெம்பரரி ஃபிக்ஸ்'னு எழுதுற கோடு வருஷக்கணக்கா ஓடுமே, அதே கதைதான்.

அது டயல்-அப் காலம். இன்னைக்குப் பாட்டு, புத்தகம், கேம், மென்பொருள் எல்லாமே ஃபைல்தான். அதனால்தான் இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் இந்தச் சலுகையை மறுபரிசீலனை செய்யச் சொல்லி வந்தன. இதனால் உலகம் முழுக்க வருஷத்துக்கு 1,000 கோடி டாலருக்கு மேல் சுங்க வருவாய் போகலாம், அதில் பெரும்பங்கு வளரும் நாடுகளுடையது என்று 2019-இல் ஐ.நா.வின் அங்க்டாட் ஆய்வுக் கட்டுரை ஒன்று மதிப்பிட்டது. இழப்பு அவ்வளவு இல்லை, ஜிஎஸ்டி மாதிரி வரியால் ஈடுகட்டலாம் என்கிறது ஓஇசிடி. உண்மையிலேயே, வெளிநாட்டு ஆன்லைன் சேவைகளுக்கு நாம ஏற்கெனவே 18% ஜிஎஸ்டி கட்டுறோம்.

அப்போ என்ன சண்டை? ஜிஎஸ்டி உள்ளூர்க்காரருக்கும் வெளியூர்க்காரருக்கும் ஒண்ணுதான். சுங்க வரி வெளியிலிருந்து வருவதற்கு மட்டும். உள்ளூர் நிறுவனத்துக்குக் கைகொடுக்கிற ஆயுதம் அது. இந்தோனேசியா 2018-லேயே டிஜிட்டல் பொருட்களுக்குச் சுங்கப் பட்டியலில் தனி இடம் ஒதுக்கி, 0% என்று எழுதியது. வரி இல்லை, ஆனால் உரிமை கையில்!

ஆனால் நமக்கு மறுபக்கமும் உண்டு. நாம மென்பொருள் ஏற்றுமதி செய்கிற நாடு. நாம போட்டால் அவங்களும் போடலாம்.

எனக்குப் பெரிய சிக்கல் வேற. 'மின்னணுப் பரிமாற்றம்' என்றால் அனுப்பும் செயலா, உள்ளே இருக்கும் சரக்கா? அதற்கே நாடுகளிடம் ஒத்த கருத்து இல்லை. சென்னை சர்வரில் ஏற்கெனவே சேமித்து வைத்த படத்தை நீங்க பார்த்தால், எந்தப் படம் எப்போ எல்லை தாண்டியது?

2024-இல் அபுதாபி மாநாடு ஒரு முடிவுத் தேதியையும் எழுதியது: அடுத்த மாநாடு அல்லது 2026 மார்ச் 31, எது முந்தியோ அதுவரை. அந்த அமைப்பில் ஒருமித்த கருத்து வேண்டும். நீட்டிக்க ஒரு நாடு மறுத்தாலும் கஷ்டம்தான்.

வரி போடுங்க என்றோ வேண்டாம் என்றோ நான் சொல்லலை. எதைப் பற்றிப் பேசுறோம்னு முதல்ல வரையறுங்க. அது இல்லாம எழுதின ஸ்பெக் என்ன ஆகும்னு நமக்குத் தெரியாதா? அடுத்த எபிசோடில் சந்திப்போம்.