மரம் வெட்டி முதல் தற்குறி வரை

ஒரு கட்சியின் தலைவரைத் திட்டுவது வேறு, அவர் பின்னால் நிற்கும் கூட்டத்தைத் திட்டுவது வேறு. தலைவருக்கு மேடை உண்டு, மைக் உண்டு, மறுநாள் பதிலடி கொடுக்கப் பேச்சாளர் படையே உண்டு. கூட்டத்தில் நிற்பவனுக்கு இருப்பதோ ஒரே ஒரு ஓட்டு. தமிழ்நாட்டில் வசவுக்குத் தப்பிய கூட்டம் எதுவும் இல்லை. தி.மு.க.காரர் ‘இருநூறு ரூபாய் உ.பி.’ (உடன்பிறப்பு) ஆகிறார். அ.தி.மு.க.காரர் ‘அடிமை’, பா.ஜ.க.காரர் ‘சங்கி’. நாம் தமிழர் கட்சியின் தம்பிகள் ‘தும்பி’களாகவும் ‘டம்ளர்’களாகவும் சுருங்கினார்கள். விஜய் கட்சிக்காரர்களுக்கு ‘அணில்’ என்றும் ‘தற்குறி’ என்றும் இரண்டு பெயர். இவற்றில் பல கைப்பேசித் திரையில் பிறந்தவைதான். ஆனால் பழக்கம் கைப்பேசியைவிட வயதில் மூத்தது. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரமோ இதில் எல்லா வகை அடியும் பட்ட வட்டாரம்.

பழக்கத்தின் வயதை முதலில் பார்ப்போம். 1949 செப்டம்பர் 17-இல் தி.மு.க. பிறந்தது. பெரியாரை விட்டுக் கண்ணீரோடு பிரிகிறோம் என்றார்கள் அண்ணாவும் நண்பர்களும். பெரியார் விடவில்லை, ‘கண்ணீர்த்துளிகள்’ என்றே அவர்களுக்குப் பெயர் வைத்து, ஆண்டுக்கணக்கில் அப்படியே அழைத்தார். காங்கிரஸ் மேடைகளோ ‘கூத்தாடிகள் கட்சி’ என்றன. வசனம் எழுதுபவரும் வேஷம் கட்டுபவரும் நாடாள முடியுமா என்பது அன்றைய கேள்வி. 1967-இல் அந்தக் கூத்தாடிகள் கோட்டைக்குள் போனார்கள். அதோடு பாடம் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. 1972-இல் எம்.ஜி.ஆர். வெளியேறித் தனிக்கட்சி கண்டபோது, அதே தி.மு.க. மேடையில் கேட்ட சொல் ‘நடிகர் கட்சி’. அடுத்த ஆண்டு திண்டுக்கல் இடைத்தேர்தலில் இரட்டை இலை ஜெயித்தது. 1977-இல் ஆட்சியே எம்.ஜி.ஆர். கைக்குப் போனது. தி.மு.க.வினர் தங்கள் முதுகில் பட்ட பிரம்பையே எடுத்து அடுத்தவரை அடித்தார்கள்.

‘கூத்தாடி’ என்ற சொல்லை விழுப்புரத்தில் நின்றுகொண்டு வசவாகச் சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். இது தெருக்கூத்தின் மண். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில், பகலெல்லாம் வயலிலும் செங்கல் சூளையிலும் நின்ற மனிதர், பொழுது சாய்ந்ததும் அரிதாரம் பூசி, புஜக்கீர்த்தி கட்டி, கிரீடம் தாங்கித் துரியோதனனாக வருவார். விடிய விடியத் தொண்டை கிழியப் பாடுவார். மறுநாள் காலை படுகளத்தில், மண்ணால் செய்து கிடத்திய துரியோதனன் உருவத்தின் முன்னால் ஊரே நிற்கும். மகாபாரதம் இங்கே பல தலைமுறைகளுக்குப் புத்தகத்தில் வந்ததல்ல, கூத்தாடியின் வாயில் வந்தது. ‘கூத்தாடி’ என்று சொல்பவரின் நாக்கில் கலை மீதான இளக்காரம் மட்டும் இருப்பதில்லை; ஆடுபவரின் சாதி மீதான இளக்காரமும் சேர்ந்தே இருக்கிறது.

தோழர்களே, இந்த மாவட்டத்துக்கென்றே அடித்த முத்திரை ‘மரம் வெட்டி’. திண்டிவனத்தில் மருத்துவம் பார்த்துவந்த ராமதாஸ் 1980-இல் வன்னியர் சங்கத்தைத் தொடங்கினார். மாநிலத்தில் 20 சதவீதம், மத்தியில் 2 சதவீதம் தனி இட ஒதுக்கீடு என்பது கோரிக்கை. 1987 செப்டம்பர் 17 முதல் ஒரு வாரம் சாலை மறியல். வட மாவட்டங்களில் சாலையோர மரங்கள் வெட்டிக் குறுக்கே சாய்க்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச்சூடு நடந்தது. போராட்டத்தில் 21 பேரின் உயிர் போனது. தலித் மக்களின் குடிசைகளும் எரிந்தன. இத்தனை நடந்த ஒரு வாரத்திலிருந்து நகரத்து நாக்கு பொறுக்கி எடுத்துக்கொண்டது மரத்தை மட்டும். குண்டடி பட்டுச் செத்தவனும் அந்தப் பெயரில் இல்லை, வீடு எரிந்து தெருவில் நின்றவளும் இல்லை. பட்டப்பெயரின் வேலையே அதுதான்: சிரிக்கத் தோதான துண்டை வைத்துக்கொண்டு, கணக்குக் கேட்க வேண்டிய துண்டை மறைத்துவிடும்.

அந்தப் பெயரால் இயக்கம் கரைந்ததா? 1989-இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்ற பிரிவு உருவாகி 20 சதவீதம் கிடைத்தது. அதே ஆண்டு ஜூலை 16-இல் பாட்டாளி மக்கள் கட்சி பிறந்தது. 1995-இல் ராமதாஸ் ‘பசுமைத் தாயகம்’ தொடங்க, மரம் வெட்டிகள் என்று பெயர் வாங்கியவர்கள் மரக்கன்றோடு கிளம்பினார்கள். இறந்த 21 பேருக்கு விழுப்புரம் வழுதரெட்டியில் அரசே மணிமண்டபம் கட்டி, 2025 ஜனவரியில் முதலமைச்சர் திறந்துவைத்தார்.

ஆனால் வசவு வாங்கியவர் வசவின் வலியை அறிந்தவர் என்று நம்பிவிடக் கூடாது. 2012-இல் தருமபுரியில் தலித் குடியிருப்புகள் சூறையாடப்பட்ட காலத்தில், ஜீன்ஸும் கூலிங் கிளாஸும் போட்டுக்கொண்டு பெண்களை மயக்குகிறார்கள் என்று தலித் இளைஞர்களைப் பற்றிப் பேசியவர் அதே ராமதாஸ். ‘நாடகக் காதல்’ என்ற முத்திரை அந்தப் பிரச்சாரத்தில் ஊருக்கு ஊர் பரவியது. மேலே இருந்து வாங்கியதைக் கீழே இருப்பவன் தலையில் இறக்கிவைப்பது அரசியல் அல்ல, சாதிப் படிக்கட்டு.

நடிகராக இருந்து கட்சி கண்ட விஜயகாந்தின் கதை சுருக்கமானது. 2011-இல் அன்றைய விழுப்புரம் மாவட்டத்து ரிஷிவந்தியத்தில் வென்று எதிர்க்கட்சித் தலைவரானார். 2016-இல் உளுந்தூர்பேட்டையில் டெபாசிட் இழந்தார். இடைப்பட்ட காலத்தில் அவர் பேச்சும் நடையும் மீம் ஆகின; அவருக்கு ஓட்டுப் போட்டவர்களும் சேர்ந்தே கேலிப்பொருள் ஆனார்கள். 2023 டிசம்பரில் அவர் மறைந்தபோது, கேலி செய்த பலரும் கண்ணீர் அஞ்சலி எழுதினார்கள். அவர் தொண்டர்களிடம் யாரும் மன்னிப்புக் கேட்டதாகத் தகவல் இல்லை.

2024 அக்டோபர் 27. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே, விக்கிரவாண்டி வி.சாலையில் தமிழக வெற்றிக் கழகத்தின் முதல் மாநாடு. ‘கூத்தாடி’ என்ற ஏச்சுக்கு விஜய் அந்த மேடையிலேயே பதில் சொன்னார், எம்.ஜி.ஆரையும் என்.டி.ஆரையும் இப்படித்தான் ஏசினார்கள் என்றார். ‘அணில்’ 2011-இல் அவரே தந்த சொல். ஜெயலலிதாவின் வெற்றிக்கு ராமருக்கு அணில்போல உதவியதாகச் சொன்னதை எதிராளிகள் திருப்பிப் போட்டார்கள். ‘தற்குறி’ அப்படிப்பட்ட விளையாட்டு அல்ல. கையெழுத்துப் போடத் தெரியாமல் கீறல் வைப்பவன், கைநாட்டு என்று பொருள். எழுதத் தெரியாதவனும் ஓட்டுப் போட வேண்டும் என்பதற்காகத்தான் 1952 தேர்தலிலேயே கட்சிக்கொரு சின்னம் கொடுத்தார்கள். அந்தக் கைநாட்டுகளின் ஓட்டில் வளர்ந்த கட்சிகளின் ஆட்களே இன்று ‘தற்குறி’ என்கிறார்கள். தி.மு.க.வுக்குள்ளேயே எழிலன் போன்றவர்கள் அப்படி அழைக்காதீர்கள் என்று சொல்லிப் பார்த்தார்கள். 2025 நவம்பரில் காஞ்சிபுரம் பக்கம் பேசிய விஜய், என் தொண்டர்கள் தற்குறிகள் அல்ல, ஆச்சரியக்குறிகள் என்று அதைக் கைத்தட்டலாக மாற்றிக்கொண்டார்.

உலகத்துக்கே இது பழகிய ஆட்டம். 1945-இல் அர்ஜென்டினாவில் பெரோனுக்காகத் தெருவில் இறங்கிய தொழிலாளர்களைச் ‘சட்டையில்லாதவர்கள்’ என்றது எதிர்த்தரப்பு. பெரோனும் எவிட்டாவும் அதையே செல்லப்பெயராக்கி ஆண்டார்கள். 2016-இல் ஹிலாரி கிளின்டன், டிரம்ப் ஆதரவாளர்களில் பாதிப்பேரைக் ‘கேடுகெட்டவர்கள் கூடை’ என்ற பொருளில் பேசினார். அதைச் சட்டையில் அச்சடித்துக்கொண்டு டிரம்ப் கூட்டத்துக்கு வந்தார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? 2022-இல் விழுப்புரத்து அமைச்சர் பொன்முடி, பெண்களின் கட்டணமில்லாப் பேருந்துப் பயணத்தை ‘ஓசி’ என்றார். கோவைப் பக்கம் ஒரு மூதாட்டி, ஓசியில் வரமாட்டேன் என்று காசை நீட்டி, டிக்கெட் கொடுத்தே ஆகவேண்டும் என்று நடத்துநரிடம் மல்லுக்கு நின்ற காட்சியை நாடே பார்த்தது. நல்ல திட்டம் ஒன்று ஒரே சொல்லில் பிச்சையாகிவிட்டது.

பெரியோர்களே, இந்த வசவால் பெரிய லாபம் தலைவருக்குத்தான். 2025 செப்டம்பர் 27-இல் கரூரில் விஜய் கூட்டத்தின் நெரிசலில் 41 பேர் இறந்தார்கள். தலைவர் ஏன் அத்தனை மணி நேரம் தாமதமாக வந்தார், தண்ணீருக்கு யார் பொறுப்பு, அந்த இடத்துக்கு அனுமதி கொடுத்தது எப்படி என்பவை கட்சியும் காவல்துறையும் பதில் சொல்ல வேண்டிய கேள்விகள். பலர் வாயில் வந்ததோ, செத்துப்போனவர்களையும் சேர்த்துத் ‘தற்குறிக் கூட்டம்’ என்ற சொல். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டின் முன் அந்தச் சொல் விழுந்த பிறகு, கட்சியைக் கேள்வி கேட்பவன்கூட எதிரியாகத் தெரிவான். தலைவர் பதில் சொல்லும் கட்டாயத்திலிருந்து தப்பித்துக்கொள்வார்.

திண்டிவனத்திலும் அதே கதை. 2021 பிப்ரவரியில் வன்னியருக்கு 10.5 சதவீத உள் ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. நவம்பரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022 மார்ச் 31-இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. போதிய புள்ளிவிவரம் இல்லாதது முக்கியக் காரணம். தேர்தல் தேதி அறிவிப்பதற்குச் சற்று முன்னால் அவசரமாகச் சட்டம் போட்ட அ.தி.மு.க.வும், அதை வாங்கிக்கொண்டு கூட்டணி வைத்த பா.ம.க.வும், தீர்ப்புக்குப் பிறகு கணக்கெடுப்பு ஒன்றிய அரசின் வேலை என்று டெல்லியைக் கைகாட்டிய தி.மு.க.வும், 2025 ஏப்ரல் வரை சாதிவாரிக் கணக்கெடுப்புக்கு ஒப்புக்கொள்ளாத பா.ஜ.க.வும் அந்தப் புள்ளிவிவரம் ஏன் இல்லை என்ற கேள்விக்குச் சொல்ல வேண்டிய பதில் ஒன்று பாக்கி இருக்கிறது. ‘மரம் வெட்டி’ என்று ஏசியவர்கள் யாரும் அந்தப் பதிலை அவர்களிடம் கேட்டதில்லை.