செங்கோட்டையில் ஒரு பகல்

தலைநகரில் பல்லாண்டுகள் வாழ்ந்தும் செங்கோட்டைக்குள் அடியெடுத்து வைக்காத தமிழர் அநேகர். ஊரிலிருந்து உறவினர் வந்தால்தான் நமக்கு அந்த நினைவே எழுகிறது. அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதராசி கேம்பில் நெடுங்காலம் குடியிருந்த ஒரு மூதாட்டியையும் அவருடைய பேரப்பிள்ளைகள் இருவரையும் அழைத்துக்கொண்டு வாடகை வண்டியில் நான் அங்கே சென்றேன்.

ஜங்புராவை ஒட்டிப் பாராபுல்லா வாய்க்காலின் கரையில் இருந்த அக்குடியிருப்பை நேயர்களில் பலர் அறிவீர்கள். உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி 2025 ஜூன் 1ஆம் தேதி அது இடிக்கப்பட்டது. இருந்த 370 குடும்பங்களில் 189 குடும்பங்களே மாற்று வீட்டுக்கு உரியவை என முடிவாயிற்று. அவ்வீடுகளும் நகரின் வடகோடியில், நரேலாவில். பழைய இடத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் புறப்படலாம் என்று மூதாட்டி விரும்பியதால், எங்கள் பயணம் அங்கிருந்தே தொடங்கிற்று.

மதுரா சாலையில் ஏறியதுமே சரித்திரமும் உடன் வரத் தொடங்கிவிடுகிறது. அருகில் நிற்பது ஹுமாயூனின் சமாதி. 1857 செப்டம்பரில், கிளர்ச்சி தோற்றபின் கடைசி மொகலாய மன்னர் பகதூர் ஷா அடைக்கலம் புகுந்ததும், ஆங்கிலேயரிடம் சரணடைந்ததும் இவ்விடத்தில்தான். மேலும் வடக்கே சென்றால், தில்லி வாயிலுக்குச் சற்று முன்னதாக, ‘கூனி தர்வாஸா’ என்னும் பழைய வாயில். அவருடைய புதல்வர் இருவரும் ஒரு பேரனும் சுட்டுக் கொல்லப்பட்ட இடம் அது. அதைக் கடந்து தரியாகஞ்ச் வழியே கோட்டையை அடைந்தோம்.

ஷாஜஹான் 1639இல் தொடங்கி 1648இல் முடித்த கோட்டை இது. ஆயினும் உள்ளே நுழைபவரின் கண்ணில் படுபவை பளிங்கு மண்டபங்கள் மட்டும் அல்ல. உயரமும் நீளமுமாக, அழகுக்கு இடமின்றி எழுப்பப்பட்ட ராணுவக் குடியிருப்புகளும் அங்கே நிற்கின்றன. அவற்றைக் கண்ட மூதாட்டி, “இதுல முன்னே யாரு தம்பி குடியிருந்தாங்க?” என்று கேட்டார்.

அக்கேள்விக்கு விடை சொல்வது எளிதாக இல்லை. அரச குடும்பத்தின் கிளைவழியினரும் ஏவலாளரும் நெருக்கமாக வாழ்ந்த ஊர் போன்றதே அக்கோட்டை. 1857க்குப் பின் அவர்கள் அகற்றப்பட்டார்கள். அரண்மனைக் கட்டடங்களில் பெரும்பகுதியை இடித்துவிட்டு, சிப்பாய்களுக்காக ஆங்கிலேயர் கட்டியவையே இக்குடியிருப்புகள். மன்னரை அவருடைய திவானி காஸ் மண்டபத்திலேயே 1858இல் விசாரித்து, ரங்கூனுக்கு நாடு கடத்தினார்கள். அங்கே 1862இல் அவர் மறைந்தார். சுதந்திரத்துக்குப் பிறகும் கோட்டை ராணுவத்தின் பொறுப்பிலேயே இருந்தது. 2003இல்தான் ராணுவம் வெளியேறிற்று.

1945 நவம்பரில் இக்கோட்டை மற்றொரு விசாரணையைக் கண்டது. இந்திய தேசிய ராணுவத்தைச் சேர்ந்த ஷா நவாஸ் கான், பிரேம் ஸகல், குர்பக்ஷ் சிங் தில்லான் ஆகியோர் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள். புலாபாய் தேசாய் அவர்களுக்காக வாதாடினார். ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டும், நாடெங்கும் எழுந்த கொந்தளிப்பினால் அது நிறைவேற்றப்படாமல் 1946 ஜனவரியில் மூவரும் விடுவிக்கப்பட்டனர்.

2019 முதல், பழைய ராணுவக் கட்டடம் ஒன்றில் நேதாஜிக்கும் அவருடைய படைக்கும் காட்சிசாலை அமைந்துள்ளது. ஜான்ஸி ராணிப் படையைப் பற்றி அங்கே பிள்ளைகளுக்குச் சொன்னேன். சென்னையில் பிறந்த டாக்டர் லட்சுமியின் தலைமையில் 1943இல் சிங்கப்பூரில் உருவான அப்படையில், மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களில் பால்வெட்டும் தமிழ்க் குடும்பங்களின் பெண்கள் திரளாகச் சேர்ந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்திய மண்ணையே கண்டதில்லை. “நம்ம சனமா!” என்று வியந்த மூதாட்டி, அவ்விடத்தை விட்டு நெடுநேரம் நகரவில்லை.

பிழைப்புக்காகக் கடல் கடந்தவர்களின் பெண்கள் அவர்கள். பிழைப்புக்காகத் தில்லி வந்து, பிறர் வீட்டில் பாத்திரம் துலக்கித் தம் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர் இவர். லோதி எஸ்டேட்டின் தமிழ்ப் பள்ளிக்குக் கேம்பிலிருந்து பிள்ளைகள் எளிதாகச் சென்று வந்தார்கள். நரேலாவிலிருந்து அது நெடும்பயணம். வீட்டுக்கு மாற்று வீடு கிடைத்தாலும், தமிழ் வகுப்புக்கு மாற்று அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை.

கோட்டையில் வாழ்ந்த மன்னரின் பெயர் நிலைத்தது. ஏவலாளரின் பெயர்களை எழுதி வைத்தவர் அரியர். ஆகவே, வேற்று மாநிலங்களில் வாழும் அன்பர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. உங்கள் குடியிருப்பின் கதையை இன்றே எழுதுங்கள். யார் எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டில், என்ன வேலைக்கு வந்தார்கள் என்பதை முதியோரிடம் கேட்டுக் குறித்து வையுங்கள். அதைத் தமிழில் எழுதும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள். திரும்பும் வழியில், பேத்தி தன் குறிப்பேட்டில் முதல் வரியாகப் பாட்டியின் ஊர்ப் பெயரை எழுதினாள்.